சுவர் தந்த ஊர்

குளத்தங்கரை இலுப்பை மரம் நடக்கத் தொடங்கியது மார்கழி மூன்றாம் தேதி, ஒரு வியாழக்கிழமை. அதை முதலில் பார்த்தவள் தெருவின் முதல் வீட்டு விருத்தாம்பாள். பார்த்தாள் என்பதைவிட அதனோடு பேசினாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடிகிற நேரத்தில் குனிந்த தலை நிமிராமல் கோலம் போட்டுக்கொண்டே போனவளின் இழை ஏதோ ஒன்றில் முட்டி நிற்க, யாரோ வந்து காலை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, "கொஞ்சம் தள்ளித்தான் நில்லேன்" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது, அங்கே இருந்தது ஆள் இல்லை, மரத்தின் வேர். முதல்நாள் வரை மூன்றடி அப்பால், குளத்துப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்ற மரம் அது. விருத்தாம்பாள் சற்று நேரம் அண்ணாந்து பார்த்தாள், கையில் இருந்த மாவு தீரவில்லை என்பதால் வேரைச் சுற்றி இழையை வளைத்துக் கோலத்தை முடித்தாள், உள்ளே போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தாள், அதற்குப் பிறகுதான் வீட்டுக்காரரை எழுப்பினாள்.

செம்பியன்துறை காவிரியிலிருந்து பிரியும் சின்ன ஆறு ஒன்றின் கரையில் இருக்கிறது. ஊரின் மேற்கே குளம், கிழக்கே ஆறு, இரண்டுக்கும் நடுவே குளத்தங்கரைத் தெரு. அந்தத் தெருவில்தான் மரம் நடந்தது, நாளொன்றுக்கு மூன்றடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. பெரிய மரம், மூன்று பேர் கைகோத்தால்தான் அணைக்க முடியும், ஆனாலும் கூட்டத்தில் நடக்கிற பெண் புடவைக் கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்வது போலக் கிளைகளை ஒடுக்கிக்கொண்டு, எந்த வீட்டுக் கூரையையும் உரசாமல் அது போயிற்று. அதன் முன்னால் தார் ரோடு தயிராடை விலகுவது போல விலகியது, அது கடந்த பிறகு பின்னால் கூடிக்கொண்டது, பள்ளமோ விரிசலோ இல்லை. மண்ணோடு அதற்கு ஏதோ பேச்சு இருந்திருக்கிறது. செங்கல்லோடு இல்லை. ஐந்தாம் நாள் வழியில் நின்ற பழைய தண்ணீர்த் தொட்டியை அது மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டுத்தான் மேலே நடந்தது.

முதல் வாரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள், கைப்பேசியில் படம் எடுத்தார்கள், ஆனால் நாள் முழுக்க நின்றாலும் மூன்றடிதான் என்பதால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் திரும்பிப் போனார்கள். பிறகு மரம் ஊர்க்காரர்களுக்கே மிஞ்சியது, ஊரும் அதற்கு இடம் கொடுத்துப் பழகிவிட்டது. மரத்தடியில் இஸ்திரி வண்டி போட்டிருந்த வைரக்கண்ணு நிழலை விட மனமில்லாமல் தினமும் காலையில் வண்டியை மூன்றடி தள்ளிக்கொண்டான், "துணி எப்ப வாங்க வரலாம்" என்று கேட்டவர்களுக்குக் கிழமையோடு கதவு நம்பரையும் சேர்த்துச் சொன்னான். ஆட்டோக்காரர்கள் தங்கள் ஸ்டாண்டு போர்டைக் கழற்றி அடிமரத்திலேயே கட்டிவிட்டார்கள். லைன்மேன் அருமைநாதன் தினம் பத்து மணிக்கு ஏணியோடு வந்து, மரத்துக்கு எதிரே வருகிற மின்கம்பியை அவிழ்த்துப் பின்பக்கமாகக் கட்டிவிட்டுப் போனார். அந்த இருபது நிமிட மின்வெட்டுக்குத் தெருப் பெண்கள் 'மரக் கட்டு' என்று பெயர் வைத்து, அதற்கு முன்னால் சட்னி அரைத்து முடித்தார்கள். ஆறாம் நம்பர் வீட்டெதிரே ஒரு காகம் இட்ட முட்டைகள் ஒன்பதாம் நம்பர் வீட்டெதிரே பொரிந்தன, குஞ்சுகள் எந்த வீட்டைச் சேர்ந்தவை என்று இரண்டு வீட்டாரும் விளையாட்டாகச் சண்டை போட்டுக்கொண்டு, இரண்டு வீட்டாரும் சோறு வைத்தார்கள்.

மரத்தைப் பார்க்க வராத ஒரே ஆள் பேராசிரியை தையல்நாயகி.

அவள் அந்த ஊர் மகளிர் கல்லூரியில் தமிழ்த்துறைத் தலைவி. குளத்தங்கரைத் தெருவிலேயே பன்னிரண்டாம் நம்பரில் தனியாக இருப்பவள், கல்லூரிக்கு எப்போதும் குளத்தைச் சுற்றிக்கொண்டுதான் நடந்து போவாள். மரம் கிளம்பிய மறுநாளிலிருந்து கொல்லைக் கதவைத் திறந்து சந்து வழியாகப் போய்வரத் தொடங்கினாள். சந்தில் சேறு, பன்றிகள் வேறு, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். "மேடத்துக்கு இலுப்பை வாசம் ஒத்துக்கலை போல" என்று வைரக்கண்ணு சொன்னான். வாசத்துக்கு இன்னும் பூவே வரவில்லை.

காரணம் வேறு. அந்த ஊரைப் பற்றி அறுபது பாட்டுகள் கொண்ட பழைய நூல் ஒன்று உண்டு, துறைப்பாட்டு என்று பெயர், பாடியவர் யாரென்று தெரியாது. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால் அதன் ஒரே ஓலைச்சுவடியைத் தேடிக் கண்டுபிடித்து, படித்து, உரை எழுதி அச்சில் கொண்டுவந்தவள் தையல்நாயகி. அந்தப் பதிப்புக்காகத்தான் அவளுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது, அதைத்தான் பிள்ளைகள் இன்றைக்கும் பாடமாகப் படிக்கிறார்கள். அதில் முப்பத்தொன்றாம் பாட்டின் கடைசி அடி இப்படி அச்சாகியிருந்தது: 'நட்ட இலுப்பையின் சுவை தந்த ஊர்.' அதாவது, முன்னோர் நட்டுவைத்த இலுப்பை தன் பூவின் இனிப்பைத் தந்த ஊர். அழகான அடி, கல்லூரி ஆண்டுவிழாத் தட்டியில்கூட அதை எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனால் ஓலையில் இருந்தது அதுவல்ல. ஓலையில் இருந்தது 'நடந்த இலுப்பைக்குச் சுவர் தந்த ஊர்.' அன்றைக்கு இருபத்தொன்பது வயதாக இருந்த தையல்நாயகி அந்த அடியோடு பதினோரு நாள் உட்கார்ந்திருந்தாள். மரம் நடக்காது. மரத்துக்கு யாரும் சுவர் தர மாட்டார்கள். ஆகவே ஏடெழுதியவனுக்குத் தூக்கம் வந்திருக்கிறது என்று முடிவுசெய்து, 'நடந்த' என்பதை 'நட்ட' ஆக்கினாள், 'சுவர்' என்பதைச் 'சுவை' ஆக்கினாள், கீழே பொடி எழுத்தில் 'ஏடெழுதினோர் பிழை திருத்தப்பட்டது' என்று ஒரு குறிப்பும் போட்டாள். நேர்மையாகத்தான் போட்டாள். அந்தப் பொடி எழுத்தை இருபத்து மூன்று வருஷத்தில் ஒருவரும் படிக்கவில்லை. இப்போது அந்தப் பிழை தினம் மூன்றடி வீதம் அவள் வாசலை நோக்கி வந்துகொண்டிருந்தது, மாசிமாதம் ஒரு நாள் வாசலுக்கு நேரே நின்றது, அன்றைக்கு அவள் ஜன்னலைத் திறக்கவில்லை.

மாசிக் கடைசியில் அருமைநாதன், கம்பியை முன்கூட்டியே மாற்றிக் கட்ட வேண்டியிருந்ததால், மரம் கிளம்பிய இடத்திலிருந்து அது நிற்கும் இடம் வரைக்கும் ஒரு கயிற்றை இழுத்துப் பிடித்துப் பார்த்தார். மரம் ஒருநாளும் திரும்பியதில்லை, நேர்கோட்டில்தான் வந்திருக்கிறது. தெருவோ கடைசியில் இடப்பக்கம் வளைகிறது. வளைவில் இருப்பது சபுரா பீவியின் ஓட்டு வீடு. கயிறு போய் நின்றது அந்த வீட்டின் வாசல் சுவரில், கதவுக்கு இரண்டடி இந்தப் பக்கம்.

சபுரா பள்ளிக்கூடச் சீருடைகளும் ஜாக்கெட்டுகளும் தைத்துப் பிழைப்பவள். புருஷன் சேக் தாவூது இறந்து ஆறு வருஷம் ஆகிறது, ஒரே மகளைக் காரைக்காலில் கட்டிக் கொடுத்திருக்கிறாள். வீட்டில் அவளும் தையல் மிஷினும்தான். பேரூராட்சி செயல் அலுவலர், வெளியூர்க்காரர், கெட்டவர் இல்லை, வந்து சுவரைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். "வீடு இடிஞ்சா பொறுப்பு என்னுது. இன்னும் பதினஞ்சு நாள்ல மரம் இங்க வந்துடும், அதுக்குள்ள வெட்டியாகணும்" என்றார். தெரு முழுக்க ஒரு முணுமுணுப்பு எழுந்தது, ஆனால் அடுத்தவள் வீட்டின் மேல் மரத்தை விடு என்று யாராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சபுரா மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

செயல் அலுவலர் அன்று மாலை தையல்நாயகியின் வீட்டுக்கு வந்தார்.

"மேடம், இந்த ஊரைப் பத்தின பழைய பாட்டெல்லாம் நீங்கதான் புத்தகம் போட்டீங்களாம். முன்னால எப்பவாவது இப்படி ஒரு மரம் நடந்ததா, அப்ப என்ன செஞ்சாங்க, அப்படின்னு எதுலயாவது இருக்கா? எழுத்துல ஒரு ஆதாரம் இருந்தா மேலிடத்துக்கு எழுதி நிறுத்தி வைக்கலாம். எனக்கும் வெட்ட மனசு வரலை. சனிக்கிழமை ஊர்க்கூட்டம் வச்சிருக்கேன்."

தையல்நாயகி, "சனிக்கிழமைக் கூட்டத்துல சொல்றேன், பார்க்கணும்" என்றாள். பார்க்க ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

இரண்டு நாள் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். சொன்னால் தன் பெயர் போகும், அது ஒரு பக்கம். சொன்னால் ஊர் சபுராவின் வாசலில் போய் நின்று, பாட்டிலேயே இருக்கிறது சுவரைக் கொடு என்று கேட்கும், அதுதான் பெரிய பக்கம். எழுதிய ஒரு வரி ஒரு பெண்ணின் வீட்டை இடிக்கும் என்றால் அதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று யோசித்தாள். சொல்லாமல் விட எனக்கு என்ன உரிமை என்றும் யோசித்தாள். வியாழக்கிழமை கல்லூரி விட்டதும், மூன்று மாதத்தில் முதல்முறையாகச் சந்து வழியை விட்டுத் தெரு வழியாக வந்தாள். மரம் இலையெல்லாம் உதிர்த்து, நுனியில் செம்புநிறக் கொழுந்தும் கொத்துக் கொத்தாய் மொட்டுமாக நின்றது. அதன் நிழலைத் தாண்டிப் போய்ச் சபுராவின் கதவைத் தட்டினாள்.

"வாங்க டீச்சர். ஜாக்கெட்டா?" என்று கேட்டாள் சபுரா.

"இல்லை. ஒண்ணு சொல்லணும். கூட்டத்துல சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு வந்தேன்."

சபுரா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். தையல்நாயகி உட்கார்ந்து, சுவடியின் ஒளிப்படத்தை எடுத்து மிஷின் பலகையின்மேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள்: நடந்த என்று இருந்ததை, நட்ட என்று தான் மாற்றியதை, சுவர் என்று இருந்ததைச் சுவை ஆக்கியதை, பொடி எழுத்தை, சந்து வழியை. சபுரா பிறகு அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல எது சுவரு?"

தையல்நாயகி விரல் வைத்துக் காட்டினாள்.

"புள்ளி இல்லையே?"

"ஓலையில புள்ளி வைக்க மாட்டாங்க. ஓலை கிழிஞ்சிடும்."

"நீங்க சொல்லாம விட்டா?"

"வெட்டிடுவாங்க. உங்க வீடு தப்பிச்சிடும்."

"சொன்னா?"

"உங்க வாசல்ல வந்து நிப்பாங்க. நீங்க மாட்டேன்னு சொல்லலாம். நான் உங்க பக்கம் நிப்பேன், அதையும் கூட்டத்துலயே சொல்லிடறேன்."

சபுரா படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "யாரு வீட்டுச் சுவருன்னு போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை. ஊர்னுதான் இருக்கு."

"அதான் பாருங்க டீச்சர். ஊருக்கு ஏது சுவரு? வீட்டுக்குத்தானே சுவரு. ஒரு பொம்பளை எந்திரிச்சு வந்து, சரி, என் வீட்டுச் சுவரை எடுத்துக்கங்கன்னு சொல்லியிருப்பா. பாடினவரு ஊர் தந்துச்சுன்னு எழுதிட்டுப் போயிட்டாரு." படத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "நீங்க அதையும் திருத்தியிருக்கணும்" என்றாள்.

தையல்நாயகிக்கு இருபத்து மூன்று வருஷமாகத் தோன்றாதது அது.

"இந்த வீட்டை எங்க அவுக தன் கையாலயே கட்டுனாக. ஆத்துப் பக்கம் ஒரு பொந்துகூட விடல, வெள்ளம் வரும், பாம்பு வரும்னு. செங்கல்லு செங்கல்லா எனக்குத் தெரியும்" என்ற சபுரா, பாதி தைத்த சட்டையை மடித்து வைத்தாள். "ரெண்டு நாள் டயம் குடுங்க. நீங்க கூட்டத்துல உள்ளதைச் சொல்லுங்க. நானும் வர்றேன்."

சனிக்கிழமை பேரூராட்சிக் கூடத்தில் உட்கார இடமில்லை. தையல்நாயகி எழுந்து, தன் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, "இந்த அடியை நான் தப்பாக அச்சிட்டேன்" என்று தொடங்கினாள். தன்னிடம் படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் பாதிப்பேர் என்பது அவளுக்குத் தெரியும். ஓலையில் உள்ளபடி ஒருமுறை நிறுத்திப் படித்தாள். யாரும் சிரிக்கவில்லை. மூன்று மாதமாக மரத்துக்கு வழிவிட்டுப் பழகியவர்களுக்கு அது நேற்றைய செய்தித்தாளைப் படிப்பது போலத்தான் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து வைரக்கண்ணு, "அப்ப சரியாத்தான் எழுதியிருக்கான் அந்த ஆளு" என்றான். அவ்வளவுதான். இருபத்து மூன்று வருஷப் பாரம் இப்படி ஒரு வாக்கியத்தில் இறங்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை, முகத்தைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு எல்லோரும் சபுராவைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். அவளே எழுந்தாள்.

"ரெண்டு சுவத்தையும் எடுத்துக்கங்க, வாசல் பக்கமும் ஆத்துப் பக்கமும். நடுவுல கூரை ஓட்டையும் இறக்கிக்கங்க. இடிக்கக் கூடாது, ஒவ்வொரு கல்லா எடுத்து அடுக்கணும். மரம் போனதும் திரும்பக் கட்டித் தரணும். இன்னொண்ணு." அவள் தையல்நாயகியின் பக்கம் திரும்பினாள். "டீச்சர் மறுபடி புத்தகம் போடும்போது ஊர் தந்ததுன்னு மட்டும் போடக் கூடாது. யாருன்னு போடணும்."

"போடறேன்" என்றாள் தையல்நாயகி.

செயல் அலுவலர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ஓலைப்படத்தை இணைத்து மேலிடத்துக்கு அனுப்பினார். பதில் வருவதற்குள் மரம் வீட்டுக்கு வந்துவிட்டது.

நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டாம் வாரம், தெருவே சபுராவின் வீட்டில் இருந்தது. அருமைநாதன் கூரைமேல் ஏறி ஓடுகளை இறக்க, கீழே வரிசையாக நின்றவர்கள் கைமாற்றி வாங்கினார்கள். விருத்தாம்பாளின் வீட்டுக்காரர் ஒவ்வொரு உத்தரத்திலும் சாக்கட்டியால் எண் போட்டார். தையல்நாயகி சுவரின் செங்கற்களைத் துடைத்துத் துடைத்து அடுக்கினாள், அச்சுப்பிழை பார்க்கிறவள் எழுத்தைப் பார்ப்பது போல ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். மிஷினையும் கட்டிலையும் மட்டும் ஒரு பக்கச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, "நான் எங்கயும் போகல, இங்கயேதான் இருப்பேன்" என்றாள் சபுரா.

பங்குனி பதினெட்டாம் தேதி காலை மரம் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. பன்னிரண்டு நாள் அது வீட்டுக்குள் இருந்தது. சிமெண்டுத் தரை அதற்கு விலகிக் கொடுத்தது, அடுப்பங்கரைப் பாத்திரம் ஒன்றுகூட அசையவில்லை. வந்த மூன்றாம் நாள் பூத்தது. இலுப்பைப் பூ விடியும்போது உதிரும், வெண்ணெய் நிறத்தில், சதைப்பற்றாக, ஒவ்வொன்றும் ஒரு மிடறு தேன். ஓடில்லாத கூரை வழியே அது அலமாரிமேல் உதிர்ந்தது, கட்டில்மேல் உதிர்ந்தது, தைத்து வைத்த சீருடைகளின்மேல் உதிர்ந்தது, விழித்தவுடன் சபுரா முதலில் தன் தலைமுடியிலிருந்து பூவைப் பொறுக்கினாள். சுவர் இல்லாததால் தட்டக் கதவு இல்லை, தெருப் பெண்கள் கூடையோடு நேரே உள்ளே வந்து பொறுக்கினார்கள், பொறுக்கிக்கொண்டே பேசினார்கள், பேசிக்கொண்டே வெயில் ஏறும் வரை உட்கார்ந்தார்கள். காயவைத்து எள்ளோடு இடித்து உருட்டிய உருண்டை எல்லா வீட்டுக்கும் போயிற்று. சபுராவின் மகள் காரைக்காலிலிருந்து ஓடிவந்து, "என்னம்மா இது, வீடு சந்தையாட்டம் கெடக்கு" என்று கேட்டவள், ஒரு வாரம் தங்கிவிட்டாள். சீருடை வாங்கிய பிள்ளைகள் அந்த வருஷம் முழுவதும் இலுப்பை வாசத்தோடு பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு வகுப்பில் வாத்தியார் யார் பூ தின்கிறீர்கள் என்று பையெல்லாம் சோதித்ததாகச் சொல்கிறார்கள்.

தையல்நாயகி தினமும் கல்லூரி விட்டு அங்கேதான் வந்தாள். மரத்தடியில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் எழுதினாள். முப்பத்தொன்றாம் பாட்டை ஓலையில் உள்ளபடியே போட்டு, உரையில், 'சுவர் தந்தவர் பெயர் ஏட்டில் இல்லை. பிற்காலத்தில் இவ்வாறு தந்தவர், இவ்வூர்க் குளத்தங்கரைத் தெரு சபுரா பீவி' என்று எழுதி, சத்தமாகப் படித்துக் காட்டினாள். அதைப் பொடி எழுத்தில் போடவில்லை.

"சேக் தாவூது சம்சாரம்னு சேத்துக்கங்க" என்றாள் சபுரா. பிறகு சற்று யோசித்து, "வேணாம், இப்படியே இருக்கட்டும்" என்றாள்.

பங்குனி இருபத்தொன்பதாம் தேதி மரத்தின் கடைசி வேர் ஆற்றுப் பக்கம் இறங்கியது. அடுத்த நான்கு நாளில் அது சரிவைக் கடந்து, மணல்மேட்டில் ஊற்றுக்குப் பக்கத்தில் போய் நின்றது, நின்றதும் அதுவரை ஒடுக்கிவைத்திருந்த கிளைகளையெல்லாம் ஒவ்வொன்றாக விரித்தது, அந்த விரிப்புக்கு அரைநாள் ஆயிற்று. பிறகு அது நடக்கவில்லை. வைரக்கண்ணு வண்டியைக் கரை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தான், மணலில் சக்கரம் இறங்கியதால் திரும்பிவந்து, பன்னிரண்டாம் நம்பர் வாசலில் வேப்பமர நிழலில் நின்றுகொண்டான்.

சித்திரை பிறந்து ஊர்க்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். எண் போட்ட உத்தரங்கள் எண்ணுக்கு எண் ஏறின, ஓடுகள் வேயப்பட்டன, வாசல் சுவர் பழையபடி எழுந்தது. ஆற்றுப் பக்கச் சுவருக்குக் கொத்தனார் நூல் பிடித்துக் கல்லை எடுத்தபோது சபுரா மிஷினை நிறுத்தினாள்.

"அந்தப் பக்கம் ஒரு வாசல் வைங்க."

கொத்தனார் திரும்பிப் பார்த்தார். "ஆத்துப் பக்கம் தெரு இல்லையேம்மா. அந்தப் பக்கம் வாசல் வச்சா யாரு வருவா?"

"யாரும் வர வேணாம்" என்றாள் சபுரா. "நான் போறதுக்கு."

கொத்தனார் நூலை அவிழ்த்து, எவ்வளவு அகலம் வேண்டும் என்று கேட்டு, அந்த இடத்தை விட்டுவிட்டுக் கட்டத் தொடங்கினார்.